புள்ளிக்குள் பதினாறு

அச்சகத்தில் நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பார்கள். அதைக் கணினித் திரைமேல் வைத்து, 'க்' என்ற எழுத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். எழுத்துரு முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி. அளவு, கடிதம் படிக்கிற சாதாரண அளவுதான். எழுத்தின் தலைக்குமேல் இருக்கும் அந்தப் புள்ளி, குறுக்கே நான்கும் நெடுக்கே நான்குமாகப் பதினாறு திரைப்புள்ளிகளால் ஆகியிருந்தது. நடு நான்கும் கன்னங்கரேல். மூலை நான்கும் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத வெளிறல். ஓரத்து எட்டும் ஈயச் சாம்பல். கண்ணாடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் பதினாறும் போய், உருண்டையாக ஒரே ஒரு புள்ளி.

பழைய திரையில் இதே புள்ளிக்கு இரண்டுக்கு இரண்டு, நாலே நாலு கட்டம்தான். அதுவும் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால். முழுப் பக்கமும் தெரியும்படி சுருக்கினால் எழுத்தின் மேற்கோட்டோடு ஒட்டிக்கொண்டு கரும்பூசலாகிவிடும். அப்படி ஒரு மானிட்டரில் பக்கம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் எங்களிடம் ஒரு பள்ளி நிறுவனரின் பாராட்டு மலர் வந்தது. பிழை திருத்தும் பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "தம்பி, 'கல்வித் தந்தை'யில புள்ளி இருக்கா?" நானும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இருக்குங்க ஐயா" என்றேன். ஏதோ கறுப்பாக இருந்தது. அச்சாகி வந்தபோது பார்த்தால் அது புள்ளி இல்லை, எழுத்தின் மேற்கோடு. பாராட்டப்பட்ட பெருமகனார் கலவித் தந்தையாகியிருந்தார். ஆயிரம் பிரதி. பெரியவர் என்னைத் திட்டவில்லை. மானிட்டரைத்தான் ஒரு பார்வை பார்த்தார்.

அதனால்தானோ என்னவோ, கணினி விமர்சனங்களில் கிராஃபிக்ஸ் திறன் என்று வந்தாலே விளையாட்டில் நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறார்களே, அது எனக்கு ஒட்டுவதே இல்லை. நான் ரசிப்பது வேறு. அசையாமல் நிற்கிற ஒரு பக்கத்தை நிற்க வைப்பதற்கு அந்தப் பெட்டி படுகிற பாடு.

பெட்டி என்று நான் சொல்வது, 2014 அக்டோபர் 16 அன்று ஆப்பிள் அறிவித்த 27 அங்குல ரெட்டினா 5கே ஐமேக். கணினியும் திரையும் ஒரே உடல். அதற்கு முந்தைய 27 அங்குல ஐமேக்கில் குறுக்கே 2560, நெடுக்கே 1440 புள்ளிகள். இதில் 5120க்கு 2880. பக்கத்துக்கு இரண்டு மடங்கு, மொத்தத்தில் நான்கு மடங்கு: 1,47,45,600 புள்ளிகள். ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு என்று வாயால் சொல்லிவிடலாம். மில்லிமீட்டரில் சொன்னால்தான் உறைக்கும்: ஒரு புள்ளியின் அகலம் 0.117 மில்லிமீட்டர்.

அங்குலத்துக்கு 218 புள்ளி. அச்சுக்காரனுக்கு இந்த எண் சுவாரஸ்யமானது. நல்ல வண்ணப் பத்திரிகைகளில் படங்களை அங்குலத்துக்கு 150 அல்லது 175 வரிசைப் புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சிடுகிறோம். அந்தக் கணக்கில், படத்தைப் பொறுத்தவரை திரை காகிதத்தை முந்திவிட்டது. எழுத்தைப் பொறுத்தவரை இல்லை. அச்சுத் தகடு எழுத்தை அங்குலத்துக்கு 2400 புள்ளியில் வெட்டுகிறது, அங்கே திரை கிட்டே நெருங்க முடியாது. ஆனால் தகட்டிடம் இல்லாத ஒன்று திரையிடம் இருக்கிறது: சாம்பல். தகட்டுக்கு மை உண்டு, மை இல்லை, இரண்டே நிலை. திரையோ மூலைப் புள்ளியைப் பாதி வெளிறவைத்து, வட்டம் என்று நம்மை நம்பவைத்துவிடுகிறது.

இன்னொரு அளவையும் சொல்லிவிடுகிறேன், பக்கம் கட்டுகிறவர்களுக்காக. இந்தத் திரையின் உயரம் ஏறக்குறைய 33½ சென்டிமீட்டர். ஏ4 தாள் 29.7. ஆக, ஒரு முழுப் பக்கம் மெய்யான அளவிலேயே, துளியும் சுருக்காமல், மேலும் கீழும் இடம் விட்டு நிற்கும். அகலம் கிட்டத்தட்ட 60. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் விரித்து வைத்த பிறகும் வலப்புறம் ஒரு சாண் அகலத்துக்குக் கருவிப் பட்டைகளை அடுக்க இடம் மிச்சம். 'கல்வி'யின் புள்ளி அந்த நிலையிலும் தனியாக, எதிலும் ஒட்டாமல் நிற்கிறது. பெரியவர் பார்த்திருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்திருப்பார்.

இனிப் பாடு.

நாம் படிக்கிற பக்கம் அசையவில்லை. ஆனால் நொடிக்கு 60 முறை ஏறக்குறைய ஒன்றரைக் கோடியான அந்தப் புள்ளிகளும் நினைவகத்திலிருந்து எடுக்கப்பட்டுத் திரைக்கு அனுப்பப்படுகின்றன. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு படச்சட்டம் 59 மெகாபைட். நொடிக்கு 3½ ஜிகாபைட். நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் சொல் தேடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற பத்து நொடியில், மாறாத ஒரே பக்கம் அறுநூறு முறை போய்ச் சேர்ந்திருக்கிறது. சராசரியாக ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ நொடிக்குச் சற்று அதிகம். அந்த நேரத்தில் ஒளியே 34 சென்டிமீட்டர்தான் போகும். அதாவது ஒரு புள்ளியின் முறை வந்து முடிந்து அடுத்ததன் முறை வருவதற்குள், வெளிச்சத்தால் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்தைத் தொட முடியாது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று கொஞ்ச நேரம் எழுதாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் சுமப்பது யார்? அடிப்படை மாடலில் ஏஎம்டியின் ரேடியான் ஆர்9 எம்290எக்ஸ், 2 ஜிபி நினைவகம். கூடுதல் காசு கொடுத்தால் எம்295எக்ஸ், 4 ஜிபி. எண்ணுக்கு முன்னால் இருக்கும் 'எம்' என்ற எழுத்தைக் கவனிக்க வேண்டும். மடிக்கணினிக்கென்று செய்த சில்லு என்பதன் அடையாளம் அது. ஓரத்தில் 5 மில்லிமீட்டரே கனமுள்ள உடல், பின்னால் கொஞ்சம் தொப்பை, உள்ளே ஒரே ஒரு ஃபேன். அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் துளைகள் வழியே காற்றை இழுத்து, தாங்குகாலுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் விடுகிற ஏற்பாடு. மேசைக் கணினிக்கான பெரிய கார்டை அதற்குள் வைத்தால் வெந்துவிடும். ஆக, ஆயிரம் இலைப் பந்திக்கு வீட்டுச் சமையற்கட்டு. அந்தச் சமையற்கட்டில் எதை எப்படி மிச்சம் பிடித்தார்கள் என்பதில்தான் நயம் எல்லாம்.

முதல் மிச்சம், சரியாக இரண்டு என்ற எண். பழைய திரையில் ஒரு கோடு ஒரு புள்ளிக் கனம் என்றால் இதில் இரண்டு புள்ளி. ஒன்றரை இல்லை, ஒன்றே முக்கால் இல்லை. எழுத்தின் அளவு, சாளரத்தின் ஓரம், பொத்தானின் வளைவு எல்லாம் பழைய இடத்திலேயே பழைய அளவிலேயே இருக்கும், நயம் மட்டும் நான்கு மடங்கு கூடும். 27 அங்குலத்தில் 4கே திரை வாங்கியவர்களுக்கு இந்தச் சுகம் இல்லை. அங்கே அங்குலத்துக்கு 163 புள்ளி. அப்படியே விட்டால் எழுத்து பொடி, இரட்டித்தால் பூதம், ஒன்றரை மடங்கு வைத்தால் ஒரு புள்ளிக் கோட்டுக்கு ஒன்றரைப் புள்ளி வேண்டும், அரைப் புள்ளிக்கு எங்கே போவது? 4கே சந்தையில் மலிந்து கிடந்தபோதும் அதை விட்டு 5120க்குப் போனது பகட்டு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது கணக்கு தெரிந்தவன் எடுத்த முடிவாகத்தான் படுகிறது.

இந்த இரட்டிப்பை நாமாகக் கலைக்கவும் வழி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய், இன்னும் நிறைய இடம் வேண்டும் என்று 3200க்கு 1800 போலக் காட்டச் சொன்னால், கணினி என்ன செய்கிறது தெரியுமா? முதலில் அதையும் இரட்டித்து 6400க்கு 3600 அளவில், 2 கோடியே 30 லட்சம் புள்ளிகளில், கண்ணுக்கே தெரியாத ஒரு பெரிய பக்கத்தை வரைந்துகொள்கிறது. பிறகு அதை 5120க்குச் சுருக்குகிறது. ஐந்துக்கு நான்கு. ஐந்து புள்ளிக் கோலத்தை நாலு புள்ளியில் போடு என்று சொன்ன மாதிரி. போட்டுவிடுகிறது, பாராட்டத்தான் வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. உருப்பெருக்கியை வைத்தால் தெரிகிறது: கூர்மையாக நின்ற கோட்டின் இரு பக்கமும் லேசான ஈரம், மை ஊறிய காகிதம்போல. சில்லுக்கும் வேலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. நான் ஒரு வாரம் அப்படி வைத்திருந்துவிட்டுப் பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன்.

இரண்டாவது மிச்சம் எனக்கு மிகவும் பிடித்தது. திரையில் நான்கு சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன என்றால், அவை ஒரே ஓவியமாக வரையப்படவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனித் தாளாகக் கிராஃபிக்ஸ் நினைவகத்தில் இருக்கிறது. சில்லின் வேலை தாள்களை அடுக்குவது. ஒரு சாளரத்தை இழுத்தால் அடியில் இருப்பதைப் புதிதாக வரைய வேண்டியதில்லை, அடுக்கை மாற்றினால் போதும். மேக்கில் இந்த அடுக்கும் வேலை 2002லேயே கிராஃபிக்ஸ் சில்லின் கைக்கு வந்துவிட்டது. 5கே வந்தபோது தாள்கள்தான் நான்கு மடங்கு பெரிதாயின. பெரிய தாளை அடுக்க, அதை நினைவகத்திலிருந்து தூக்கிவந்து திருப்பி வைக்க வேண்டும். அந்தப் போக்குவரத்தில்தான் நெரிசல்.

கூடுதல் காசு கேட்ட எம்295எக்ஸ் சில்லின் உள்ளே அதற்கு ஒரு தந்திரம் இருந்தது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, கட்டத்தில் ஒரு நிறத்தை முழுசாக எழுதிவிட்டு, மற்றவற்றுக்கு அதிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் குறித்துக்கொள்ளும். பழைய மளிகைக் கணக்கில் 'மேற்படி' என்பதற்கு ௸ என்று ஒரு குறி போடுவார்களே, அதேதான். துவரம்பருப்பு என்று மேலே ஒரு முறை எழுதிவிட்டால் கீழே வரிசையாக ௸, ௸, ௸. எழுத்துப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டால் பெரும்பகுதி வெள்ளைக் காகிதம். வெள்ளை, மேற்படி, மேற்படி, மேற்படி. 'க்' வருகிற இடத்தில் மட்டும் கணக்குப்பிள்ளைக்குப் பேனா ஓட வேண்டியிருக்கும். நிறத்தில் இம்மியும் குறைவதில்லை. நினைவகத்தில் பிடிக்கிற இடமும் குறைவதில்லை, போக்குவரத்துதான் குறைகிறது. விளையாட்டுக்காகக் கண்டுபிடித்த உபாயம். ஆனால் வெள்ளைத்தாளுக்கு அது பொருந்துவதுபோல் வெடிகுண்டுப் புகைக்குப் பொருந்துமா?

பக்கத்தை மேலே தள்ளும்போது இன்னொரு முன்யோசனை. மேக் இயங்குதளத்தில் 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து, கண்ணுக்குத் தெரிகிற பகுதிக்கு அப்பாலும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்கிறார்கள். விரல் தள்ளுவதற்குள் அடுத்த பத்தி தயார். பந்தியில் அடுத்த வரிசைக்கு முன்னாலேயே இலை போட்டு வைப்பது எந்த ஊர்க் கல்யாணத்திலும் தெரிந்த வித்தைதான்.

மூச்சு வாங்குகிற இடமும் உண்டு. 5கே ஐமேக் அறிவிக்கப்பட்ட அதே நாளில் வெளியானது இயங்குதளத்தின் அடுத்த பதிப்பான யோசெமிட்டி. அதில் பட்டைகளும் பட்டியல்களும் உறைபனிக் கண்ணாடிபோல, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும்படி ஆயின. பார்க்க அழகு. ஆனால் மங்கல் என்பது சில்லுக்கு மிகக் கடினமான வேலை. கூர்மையான புள்ளிக்கு ஒரே ஒரு நிறத்தை எடுத்து வைத்தால் போதும். மங்கலான புள்ளிக்கு அக்கம்பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் கூப்பிட்டு விசாரித்துச் சராசரி எடுக்க வேண்டும். புள்ளி நான்கு மடங்கானதும், அதே அகலத்துக்கு மங்கலாக்க விசாரிக்க வேண்டிய அக்கம்பக்கமும் பெருகிவிட்டது. எல்லாச் சாளரங்களும் ஒரே நேரத்தில் சிறுத்துச் சிதறி நிற்கிற அந்த அசைவில் இது தெரியும். நொடிக்கு 60 என்ற தாளம் ஓரிரு இடத்தில் தட்டும். தவறிய தட்டு ஒவ்வொன்றும் நொடியில் அறுபதில் ஒரு பங்குதான், ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு எல் கேப்பிட்டனில், சில்லோடு நேராகப் பேசுகிற மெட்டல் என்ற முறை மேக்குக்கு வந்த பிறகு நடை சீரானது. சில்லு மாறவில்லை, அதனோடு பேசுகிற பேச்சு மாறியது.

சரி, இதை ஏன் ஒரே உடலாகச் செய்தார்கள்? அழகுக்காக மட்டும் இல்லை. அந்த நாளில் கிடைத்த டிஸ்பிளேபோர்ட் 1.2 கேபிள் ஒன்று, நொடிக்கு 17.28 ஜிகாபிட்தான் கொண்டுபோகும். 5கேயை 60 முறை அனுப்ப வெறும் புள்ளிகளுக்கே 21 ஜிகாபிட்டுக்குமேல் வேண்டும். அதே காலத்தில் டெல் விற்ற 27 அங்குல 5கே மானிட்டருக்கு இரண்டு கேபிள் சொருக வேண்டியிருந்தது, இடப்பாதிக்கு ஒன்று, வலப்பாதிக்கு ஒன்று. இரு பாதியும் ஒரே நொடியில் ஒரே கதையைச் சொல்ல வேண்டும், இரட்டை நாகஸ்வரம் மாதிரி. திரையும் கணினியும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் வெளியே எந்தக் கேபிள் விற்கிறது என்று பார்க்கத் தேவையில்லை. எந்தப் புள்ளி எப்போது ஒளிர வேண்டும் என்று தாளம் போடுகிற கட்டுப்பாட்டுச் சில்லை ஆப்பிள் தானே வடிவமைத்தது, முந்தையதைப்போல் நான்கு மடங்கு சுமக்கும்படி. அதற்கு ஒரு விலையும் கொடுத்தது. பழைய 27 அங்குல ஐமேக்கை இன்னொரு கணினிக்கு வெறும் மானிட்டராக வைத்துக்கொள்ளலாம். 5கேயில் அந்த வசதி போயிற்று. வெளியிலிருந்து அதற்குள் போகுமளவு பருத்த குழாய் ஊரில் இல்லை.

இதன் உறவுக்காரர்களில் இரண்டு பேரைச் சொல்லாமல் விட மனமில்லை. 2016இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ: 28 அங்குலம், 4500க்கு 3000, அங்குலத்துக்கு 192 புள்ளி. விண்டோஸ் காலங்காலமாக அங்குலத்துக்கு 96 என்று கணக்கு வைத்திருக்கிறது, அதன் சரியான இரட்டிப்பு. அதனால் திரையில் ஓர் அங்குலம் என்று காட்டுவது அடிக்கோலை வைத்தாலும் ஓர் அங்குலம். அங்கேயும் உள்ளே மடிக்கணினிச் சில்லுதான். இன்னொன்று 2015இன் 21.5 அங்குல 4கே ஐமேக். அதில் தனிக் கிராஃபிக்ஸ் சில்லே கிடையாது. இன்டெல் செயலிக்குள்ளேயே இருக்கும் ஐரிஸ் புரோ 6200, கையிருப்பாக அதனோடு 128 மெகாபைட் அதிவேக நினைவகம். அந்தத் திரையின் படச்சட்டம் ஒன்று 38 மெகாபைட். மூன்று படச்சட்டம் கொள்ளும் இடுப்புச் சுருக்குப்பை. அதை வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்தியது.

2021இல் 24 அங்குல ஐமேக் எம்1 சில்லோடு வந்தபோது கனம் 11.5 மில்லிமீட்டர், புள்ளி 4480க்கு 2520, அங்குலத்துக்கு அதே 218. அதில் கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லை. செயலியும் கிராஃபிக்ஸும் ஒரே பானையில் கை விடுகின்றன. ஒருவர் வரைந்ததை இன்னொருவருக்காகப் படியெடுத்து எடுத்துப்போகிற வேலை மிச்சம். இதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். கொண்டாடலாம், வேகம் அப்படி. ஆனால் குடும்பத்தின் மூத்தவரை ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும்.

1984இன் முதல் மெக்கின்டாஷ். அதுவும் ஒரே உடல்தான். 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 512க்கு 342 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட், எரிகிறது அல்லது இல்லை. முழுத்திரையும் 21,888 பைட். இருந்த நினைவகமே 128 கிலோபைட். அதில் ஆறில் ஒரு பங்கு, அந்தக் காலத்தில் அரசனுக்கு இறுத்த வரிபோல, திரைக்குப் போய்விடும். தனிக் கிராஃபிக்ஸ் சில்லு என்ற பேச்சே இல்லை. 8 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் குறைவான 68000 செயலிதான் எல்லாவற்றையும் வரைய வேண்டும், அதுவும் திரை நினைவகத்தைப் படிக்கிற வேளையில் தான் ஒதுங்கி நின்று. தசமக் கணக்கு போடும் வசதியும் அதற்குக் கிடையாது. ஆப்பிளின் நிரலாளர் பில் அட்கின்சன் அதில் வட்டம் வரைய ஒரு வழி கண்டார்: ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்க எண்கள் வரும். ஒன்றும் மூன்றும் நான்கு, அதோடு ஐந்து ஒன்பது, அதோடு ஏழு பதினாறு. பெருக்கவும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம், வெறும் கூட்டல். எண்சுவடி படித்த பிள்ளைக்கும் புரிகிற கணக்கில் திரையில் வட்டம் உருண்டது.

படவுருக்களை வரைந்தவர் சூசன் கேர். 32க்கு 32 கட்டம், மொத்தம் 1024 புள்ளி. அதற்குள் குப்பைத்தொட்டி, அதற்குள் சிரிக்கும் கணினி. 5கே திரைக்கு ஒரு படவுரு செய்துகொடுப்பவர் மூலப்படத்தை 1024க்கு 1024 அளவில் தர வேண்டும். கேருக்கு மொத்தமாகக் கிடைத்தது இவருக்கு ஒரு பக்கத்துக்கே கிடைக்கிறது. அந்த ஒரு படவுருவின் மூலத்தில் இருக்கும் புள்ளிகள் முதல் மெக்கின்டாஷின் முழுத்திரையைப்போல் ஆறு மடங்கு.

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் கணக்கு நோட்டிலிருந்து கட்டம்போட்ட தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு, 32க்கு 32 அளந்து, பென்சிலால் 'க்' வரைந்து பார்த்தேன். கறுப்பு, வெள்ளை, இரண்டே நிறம். உடம்பு எப்படியோ வந்துவிட்டது, வளைவில் மட்டும் இரண்டு முறை அழிக்க வேண்டியிருந்தது. புள்ளிக்கு நான்குக்கு நான்கு ஒதுக்கி நிரப்பினேன். சதுரச் செங்கல். மூலைகளுக்குச் சாம்பல் பூச ஆசைதான், விதி விடாது. நான்கு மூலையையும் ரப்பரால் அழித்தேன். மிச்சம் பன்னிரண்டு கட்டம். தாளைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். உருண்டை மாதிரிதான் இருந்தது.